ரோசி மோந்து முடிக்கட்டும்

தண்ணித் தொட்டிக்குப் பின்னால்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டியின் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன். நாற்பத்தெட்டு வயது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அப்படிப்பட்டவள் கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளை மாதிரி ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பது அடி தூரத்தில் என் வீட்டுக்காரர் ஏழுமலை போய்க்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு கயிறு. கயிற்றின் அந்த முனையில் எங்கள் ரோசி.

ஒன்பது மணிக்கு மீஞ்சூர் போகிற மீன் லோடு ஆட்டோவில் ரோசியை ஏற்றி அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு எட்டு நிமிட நடை. நான் எட்டே காலுக்கே அவர்களைக் கிளப்பி விட்டேன்.

கிளம்பும்போது அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"மாமா, கடைசியா ஒரு தபா. கயித்த இழுக்காம இட்டுனு போ. அவ எங்க நிக்கிறாளோ அங்க நீயும் நில்லு. மோந்து முடிச்சா அவளே வருவா."

"வண்டி போயிடும்டி."

"போவாது. அதான் இம்மா நேரம் முன்னாடியே அனுப்பறேன்."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

முதல் மின்கம்பத்திலேயே ரோசி நின்றுவிட்டாள். மூக்கு தரையில். அவரும் நின்றார். நான் தூணை இறுகப் பிடித்துக்கொண்டேன். இழுத்துவிடுவாரா, மாட்டாரா?

இதை இப்படியே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன். இல்லாவிட்டால், ஒரு நாய் மின்கம்பத்தை மோந்து பார்ப்பதற்கு இவள் ஏன் இப்படித் துடிக்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றும்.

மூக்கத் தூக்கு!

எங்கள் குப்பம் கோட்டைக்குப்பத்தைத் தாண்டி இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல். வீடுகள் முடிந்து ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு பெரிய மணல் திட்டு. அதுதான் கருவாட்டுக் களம். தார்ப்பாயும் பழைய வலையும் விரித்து, நெத்திலி, காரப்பொடி, வாளை என்று எல்லா மீனையும் காயப்போட்டிருப்பார்கள். ரோட்டுக்குப் போக வேண்டுமானால் அதன் ஓரமாகத்தான் போயாக வேண்டும். வேறு வழி கிடையாது.

அதனால் எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். தரையில் மூக்கு வைக்கிற நாய் திருட்டு நாய்.

ஒரு நாய் குனிந்தால் போதும். "மூக்கத் தூக்கு!" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம் வரும். கூடவே ஒரு செருப்போ கிளிஞ்சலோ பறந்து வரும். தெரு நாய்கள்கூடப் பழகிவிட்டன. களத்தைத் தாண்டும்போது மட்டும் அணிவகுப்பில் போகிற போலீஸ்காரர் மாதிரி மூக்கை மேலே வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து நடக்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

வீட்டு நாயை வெளியே கூட்டிப் போகிறவர்கள் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, தலையைத் தூக்கியே நடத்த வேண்டும். அதுதான் மரியாதை. நான் நல்ல மரியாதைக்காரி. நாலு மாதம் ரோசியின் மூக்கை ஒரு தடவைகூடத் தரையில் பட விடவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நின்றால் யாராவது பேசுவார்கள் என்று எனக்குப் பயம்.

எங்கள் குப்பத்துப் பெண்கள் ஏலத்தில் கத்தினால் அக்கரையில் கேட்கும். நான் பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. கல்யாணமான புதிதில் மாமியார் ஒரு கூடை மீனைத் தலையில் ஏற்றிப் பொன்னேரிக்கு அனுப்பினார். "மீனே" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. நாலு தெரு சத்தமில்லாமல் சுற்றிவிட்டு முழுக் கூடையோடு திரும்பி வந்தேன். மூன்று நாள் வீட்டில் அந்த மீன் குழம்புதான். அதோடு என்னை நண்டு கட்டும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். நண்டுக்குக் கொடுக்கில் கயிறு கட்டினால் போதும், அதோடு பேச வேண்டியதில்லை.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நான் தலையைக் குனிந்துகொண்டு விடுவிடுவென்று நடப்பேன். ரோசி வந்த பிறகு அவளையும் அப்படியே இழுத்துக்கொண்டு நடந்தேன். டீக்கடையில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"தோ பாரு, நாயி வானத்தப் பாத்துகினு போவுது. இவ மண்ணப் பாத்துகினு போறா."

நண்டு வாசனை

ரோசி என் தங்கை பவானி வளர்த்த நாய். ஐந்து வயது, கோதுமை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். பவானி குடும்பம் மீஞ்சூரில் மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனது. வீட்டுச் சொந்தக்காரர் நாய் கூடாது என்றுவிட்டார். "அக்கா, உன்னாண்ட உட்டா நான் நிம்மதியா தூங்குவேன்" என்று ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள்.

வாசனை பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கதை உண்டு. பொன்னேரியில் ரயில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்வார். சிலர் மூக்கில் கைக்குட்டை வைப்பார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் நண்டு வாசனை விரலிடுக்கிலிருந்து போகாது. மகளைப் பெண் பார்க்க வந்த அன்று எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்தேன். அப்படியும் காப்பி டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ரோசி வந்த முதல் நாள் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு, மறுபடி உள்ளங்கை. ஈரமான மூக்கு சில்லென்று ஊர்ந்தது. பத்து நிமிடம் இருக்கும். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் கையை அத்தனை ஆசையாக யாரும் மோந்ததில்லை.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. மறுநாளே அவள் மூக்கைத் தூக்கிப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

கிழிந்த புடவை

ஒரு மாதத்தில் ரோசி மாறிப்போனாள். சோற்றை மோந்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நாள் முழுக்கக் குரைப்பாள். முன்னங்காலை நக்கி நக்கி, கடித்துக் கடித்து, முடி போய்ச் சிவந்து ஒரு புண்ணே வந்துவிட்டது. தினமும் இரண்டு வேளை வேகவேகமாகக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தேன். திரும்பி வந்ததும் இன்னும் அதிகமாகக் குரைத்தாள்.

"இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டு. களைப்பாயிட்டா படுத்துக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

ஓட்டினேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அப்புறம் ஒரு நாள் அது நடந்தது. களத்து ஓரமாக நானும் ரோசியும் போகும்போது கன்னியம்மா அக்கா ஒரு தார்ப்பாயை உதறினார். படாரென்று சத்தம். ரோசி மிரண்டு பாய்ந்தாள். கயிறு என் கையை விட்டுப் போனது. நேராகக் கருவாட்டின் மேல் ஓடி, தடுக்க வந்த கன்னியம்மா அக்காவின் புடவைக் கரையைக் கவ்விக் கிழித்துவிட்டாள். பல் படவில்லை, நல்லவேளை.

கன்னியம்மா அக்காதான் களத்துக்குத் தலைவி மாதிரி. அவர் சொன்னால் மற்றப் பெண்கள் அதற்கு மேல் பேச மாட்டார்கள். அன்றைக்கே ஆறு பேரோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏழுமல, இன்னிக்கி பொடவ. நாளைக்கி கொழந்த கால் ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

"அனுப்பிடறேங்கா. அடுத்த ஞாயித்துக்கெழம."

"சொன்னா சொன்னபடி இருக்கணும்."

"சொல்லிட்டேன்ல."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர்கள் போன பிறகு பவானிக்குப் போன் போட்டேன். அவள் அழுதாள்.

"அக்கா, இங்க கொண்டாந்தீன்னா எங்க வூட்டுக்காரரு ரயிலடியில உட்டுட்டு வந்துடுவாரு. மின்னாடியே சொன்னாரு."

ஒரு குடிசை அளவு இடம்

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் தெருவில் யார் முகத்திலும் விழிக்க எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு வழியாக ரோசியை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். அங்கே கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய படகு. அதன்மேல் உட்கார்ந்து அழுதேன்.

அழுகிற மும்முரத்தில் கயிற்றைத் தளர விட்டுவிட்டேன். ரோசி என்ன செய்கிறாள் என்று பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து சர்சர் என்று ஒரு சத்தம். திரும்பினேன்.

ரோசி மூக்கைத் தரையில் வைத்திருந்தாள்!

தண்ணீர் வற்றிய இடத்தில் ஒரு கோடு இருக்கும். உமிரிச் செடி, கிளிஞ்சல், நண்டு ஓடு, பறவை இறகு எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும். அந்தக் கோட்டைத்தான் அங்குலம் அங்குலமாக மோந்துகொண்டிருந்தாள். ஒரு இறகில் ரொம்ப நேரம். அது பூநாரை இறகு. விட்டு நகர்ந்தாள், ஏதோ மறந்துபோன மாதிரி திரும்பி வந்தாள், மறுபடி மோந்தாள். மூக்கெல்லாம் மணல். ஒரு தும்மல். மறுபடி மூக்கு தரைக்கு. வால் மெதுவாக, சீராக ஆடியது. இந்த நாலு மாதத்தில் அந்த வால் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை.

எத்தனை நேரமோ தெரியாது. நான் அழுகையை நிறுத்திவிட்டிருந்தேன். அவள் மோந்த இடம் மொத்தமே ஒரு குடிசையின் தரை அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு ஊரையே சுற்றிவிட்டு வந்தவள் மாதிரி என் காலடியில் வந்து படுத்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

அன்று ராத்திரி சோற்றுத் தட்டைக் காலி செய்தாள். காலை நக்கவில்லை. விடியும் வரை ஒரு குரைப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே அதே இடத்துக்குப் போனேன். கயிற்றை வேண்டுமென்றே தளர்த்தினேன். அதேதான் நடந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டுக்காரர் அந்த வாரம் எங்கள் குடும்பத்துக்கு ஏரியில் வலை போடும் முறை என்பதால் சாயங்காலம் போய்க் காலையில் வந்து தூங்கிக்கொண்டிருந்தார். நாயைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

மாட்டாஸ்பத்திரியில் ஒரு நாய்

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கால் புண்ணைக் காட்ட ரோசியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நாங்கள் அதை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வோம். நெல் போடுகிற ஊர்களிலிருந்து பசுவும் கன்றும் ஆடுமாக வந்து நிற்கும். ரோசி ஒருத்திதான் நாய். சாணி வாசனையில் அவளுக்கு ஒரே மஜா.

மருத்துவர் சின்ன வயசுப் பெண். புண்ணைப் பார்த்தார், தோலைச் சுரண்டிப் பார்த்தார், பூச்சி இல்லை என்றார், ஒரு களிம்பு கொடுத்தார். பிறகு கேட்டார்.

"தினமும் வெளியே கூட்டிட்டுப் போறீங்களா?"

"ரெண்டு வேளையும் டாக்டரம்மா. வேகமாத்தான் நடத்தறேன்."

"மோந்து பாக்க விடுவீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இன்னும் ஏரிக்கரைக் கதையைச் சொல்லவே இல்லை! கருவாட்டுக் களம், மூக்கைத் தூக்கு, சவுக்குத் தோப்பு எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அம்மா, நாய் நடக்கறதுக்காக வெளியே வரலை. மோந்து பாக்கத்தான் வருது. ஒரு வாசனையிலேர்ந்து அடுத்த வாசனைக்குப் போகத்தான் அதுக்குக் கால்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நமக்குக் கண் எப்படியோ அப்படி நாய்க்கு மூக்கு. இந்த வழியாக யார் போனார்கள், எப்போது போனார்கள், ஆணா பெண்ணா, பயந்து போனார்களா, உடம்பு சரியில்லாமல் போனார்களா, எல்லாம் மண்ணிலும் கம்பத்திலும் இருக்கிறதாம். அதைத் தெரிந்துகொள்வதுதான் அதன் மூளைக்கு வேலை. அந்த வேலை ஓட்டத்தைவிட நன்றாகக் களைப்பைத் தரும். மோந்து பார்க்கும்போது நாயின் நெஞ்சுத் துடிப்புகூட அடங்கி வருமாம், பதற்றம் குறையுமாம்.

"மூக்கைத் தூக்கிப் பிடிச்சு நடத்தறது, உங்க கண்ணைக் கட்டிக் கடைத்தெருவுல இழுத்துட்டுப் போற மாதிரி. நாலு மாசம் அப்படிப் போனா நீங்க என்ன செய்வீங்க?"

"எதுனா சத்தம் கேட்டா கடிச்சிருப்பேன்" என்றேன்.

வரிசையில் நின்ற ஒரு பசுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையே தலைக்குள் சுற்றியது. கன்னியம்மா அக்காவின் புடவையைக் கிழித்தது ரோசியின் குணம் இல்லை. ஒன்றும் தெரியாத இடத்தில் கண் கட்டப்பட்டவளின் பயம்.

இன்னொன்றும் அவர் சொன்னார். வீட்டு நாய்க்கு எப்போது சாப்பாடு, எங்கே படுக்கை, எல்லாம் நாம் முடிவு செய்வதுதானாம். எந்தப் பக்கம் போகலாம், எங்கே நிற்கலாம் என்று அதுவே முடிவு செய்ய, நாளில் அரை மணி நேரமாவது கொடுக்க வேண்டுமாம்.

இரண்டு பாகம் கயிறு

வீட்டுக்கு வந்ததும் கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிந்தேன். மெத்தென்ற பழைய நைலான் கயிற்றில் துணி சுற்றி, தோளிலும் மார்பிலும் மாட்டுகிற மாதிரி ஒரு பட்டை பின்னினேன். முடிச்சுப் போடுவது என் தொழில். அரை மணியில் முடிந்தது. பிடிக்கிற கயிற்றை இரண்டு பாகம் நீளம் விட்டேன். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். வலைக்கெல்லாம் நாங்கள் அப்படித்தான் அளப்போம்.

வியாழக்கிழமை மழை. சவுக்குத் தோப்பு வழியில் முழங்கால் தண்ணீர். வேறு வழியில்லை, தெருவுக்குத்தான் போக வேண்டும்.

ரோசி முதல் வீட்டிலேயே நின்றாள். நான் தலை குனிந்து நின்றேன். வாசலில் அந்த வீட்டுப் பெண்.

"இன்னா தனம், நாயி நின்னுகிச்சி? பெட்ரோல் காலியா?"

பதில் சொல்லாமல் ஓட முடியாது. கயிற்றின் அந்த முனையில் ஆள் வேலையாக இருக்கிறாள். "மோந்து பாக்கறா" என்றேன்.

"எங்க வூட்டுப் படியில இன்னா எழுதிக்குது?"

"நமக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்."

அந்தப் பெண் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த வீட்டில் ஒரு கேள்வி, அதற்கடுத்த வீட்டில் ஒரு கிண்டல். வலைக் குவியல், மிதவை, சைக்கிள் சக்கரம், ஆட்டுப் புழுக்கை, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. ரோசி எதையும் விடவில்லை. நான் முப்பது வருடமாக நடக்கிற தெருவில் இத்தனை இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும். ஆனால் களம் வருவதற்கு முன்னால் திரும்பிவிட்டேன். கன்னியம்மா அக்கா முன்னால் நிற்க எனக்குத் துணிவில்லை.

வெள்ளியும் சனியும் அப்படியே. ரோசியின் காலில் புண் காய்ந்து பக்கு கட்டியது. குரைப்பு நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரரிடம் காலைக் காட்டினேன். "பாரு மாமா, ஆறிட்டு வருது."

பார்த்தார். அவர் முகமும் வாடியது. "நான் ஊரு எதுர வார்த்த குடுத்துட்டேன்டி" என்றார்.

எங்கள் ஊரில் ஏரியில் யாருக்கு எந்த நாள் வலை என்பதே வார்த்தையில்தான் நடக்கிறது. சொன்ன சொல்லை மாற்றுகிறவன் அடுத்த முறைக்கு என்ன முகத்தோடு போய் நிற்பான்? எனக்கு அது தெரியும். அதனால்தான் நான் அனுப்பாதே என்று சொல்லவில்லை. இழுக்காதே என்று மட்டும் கேட்டேன்.

ஒன்பது மணி லோடு

இப்போது தொட்டித் தூணுக்கு வருகிறேன்.

முதல் மின்கம்பத்தில் அவர் இழுக்கவில்லை. வானத்தைப் பார்த்தார், காலை மாற்றி வைத்தார், பல்லைக் குத்தினார். ஆனால் நின்றார். அடுத்து ஒரு கவிழ்த்த படகு. ரோசி அடிப்பலகையோடு ஒட்டி மோந்துகொண்டே போனாள். ஒரு இடத்தில் அப்படியே நின்றாள். அவர் குனிந்தார். அவள் மூக்கு இருந்த இடத்தைப் பார்த்தார். விரலால் தொட்டு, தானும் மோந்து பார்த்தார்! பிறகு அவளிடம் ஏதோ சொன்னார். என்னிடம்கூட அவர் அப்படிக் குனிந்து பேசியதில்லை.

நான் தூணை விட்டு அடுத்த வேலிக்கு, வேலியை விட்டு ஒரு வலைக் குவியலுக்கு என்று ஒளிந்து ஒளிந்து பின்னால் போனேன்.

களம் வந்தது. கன்னியம்மா அக்காவும் ஐந்து பெண்களும் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் லோடு ஆட்டோ ஹாரன் அடித்தது. ரோசி தார்ப்பாய் ஓரத்தில் நின்றாள். மூக்கு கீழே போனது.

"ஏ ஏழுமல! மூக்கத் தூக்கு!"

"இழுத்துனு போய்யா, வண்டி நிக்குது பாரு!"

அவர் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். வலை இழுப்பதற்கு முன்னால் அப்படித்தான் சுற்றுவார்.

"மாமா, இழுக்காத!"

யார் கத்தியது என்று நானும் ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. களத்தில் எல்லாரும் கையில் நெத்திலியோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"யார்டி அது?" என்றார் கன்னியம்மா அக்கா.

"தனங்கா."

"எந்தத் தனம்?"

"நம்ம ஏழுமல பொண்டாட்டி."

"ஐயே! அவளுக்குத் தொண்ட கீதா?"

வலைக் குவியலை விட்டு எப்படி வெளியே வந்தேன், எப்படி நடந்தேன் என்று தெரியாது. கன்னியம்மா அக்கா முன்னால் நின்றிருந்தேன். வாய் தானாகப் பேசியது.

"அக்கா, அவ திருட வரல. இது இன்னா எடம்னு பாக்கறா. நாலு மாசமா இப்டியே போறா, ஒரு தபா கூட நான் பாக்க உட்டதில்ல. ஒண்ணுமே தெரியாம இருந்ததாலதான் அன்னிக்கி மிரண்டுட்டா. தப்பு என்னுது. ஒரே ஒரு தபா மோந்துக்கட்டும். கயித்த நான் புடிச்சிக்கறேன். மீனுல வாய வெச்சான்னா நானும் அவகூட வண்டியில ஏறிப் போயிடறேன்."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் அத்தனை பேசியதில்லை.

கன்னியம்மா அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். நான் வீட்டுக்காரரிடமிருந்து கயிற்றை வாங்கினேன். தளர விட்டேன்.

ரோசி தார்ப்பாய் ஓரமாகவே போனாள். ஒரு முழம், ஒரு நிறுத்தம். ஒரு முழம், ஒரு நிறுத்தம். மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து விரிந்து சுருங்கியது. ஓரம் முடிந்தது. அங்கே கன்னியம்மா அக்காவின் கால். ரோசி கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள். பாதம், கொலுசு, புடவைக் கரை. முழங்கால் வரை போய் மறுபடி கீழே வந்தாள். பிறகு தலையைத் தூக்கி, நெத்திலி பிடித்திருந்த கையை மோந்தாள்.

குப்பத்திலேயே அதிகம் வாசனை வீசுகிற கை அது. முப்பது வருடக் கருவாடு. அந்தக் கையை ரோசி விடவே இல்லை. கன்னியம்மா அக்கா ஒரு இடத்தில் அத்தனை நேரம் பேசாமல் நின்றதை அன்று எல்லாரும் பார்த்தோம்.

"இன்னாமே இது" என்றார் கடைசியில், மெல்லிய குரலில். "இம்மா நேரம் இன்னா கீது என் கையில?"

"எல்லாம் கீதுங்கா" என்றேன்.

லோடு ஆட்டோ ஓட்டும் பாஷா பாய் ரோட்டிலிருந்து ஓடி வந்தார். "அண்ணே, ஐஸ் உருகுது! நாயி வருதா, வரலியா?"

வீட்டுக்காரர் வார்த்தை கொடுத்தது கன்னியம்மா அக்காவிடம். அவரைத்தான் பார்த்தார். கன்னியம்மா அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார்.

"இன்னாத்துக்கு பாய் கத்தற? இங்க ஒருத்தி வேலையா கீறா, கண்ணு தெரியல?"

பாஷா பாய் எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து ரோசி தார்ப்பாய் பக்கம் ஒரு முறை மூக்கை நீட்டினாள். நிமிர்ந்தபோது அவளுடைய ஈர மூக்கில் ஒரு நெத்திலி ஒட்டியிருந்தது. நாக்கை நீட்டினாள். நெத்திலி உள்ளே போய்விட்டது. ஆறு பெண்களும் பார்த்தார்கள்.

"அது மூக்குல ஒட்டினது" என்றார் கன்னியம்மா அக்கா. "திருட்டுல சேராது."

களமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் விரலை நீட்டினார்.

"தோ பாரு தனம். தெனமும் இவள இப்டியே இட்டுனு வா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நீ வாயத் தொறந்து பேசணும். ஊம கணக்கா தலைய குனிஞ்சிகினு போனீன்னா நாளைக்கே வண்டி ஏத்திடுவேன். நாய இல்ல, உன்ன!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுக் களத்தில், இத்தனை பேர் நடுவில் கத்தியிருக்கிறேன். காதெல்லாம் சுட்டது. எப்படியாவது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். "வா ரோசி" என்று கயிற்றை வெடுக்கென்று இழுத்தேன்.

"இழுக்காதடி" என்றார் என் வீட்டுக்காரர். "அவ இன்னும் முடிக்கல."

ரோசி பக்கத்துத் தார்ப்பாயில் காரப்பொடி மீனை மோந்து பார்க்க ஆரம்பித்திருந்தாள். அந்தத் தார்ப்பாய் பெரியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆறு பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பறம் சொல்லுமே" என்றார் கன்னியம்மா அக்கா.

நான் நின்று, சொல்ல ஆரம்பித்தேன்.